காக்கையைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், அமெரிக்காவில் ஆந்தை போலவும் பருந்து போலவும் குழல் ஊதிக் காக்கைகளை வரவழைத்துச் சுடுகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். ஊதுகிற வித்தையைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் சரி. கடைசிப் பத்தியில், கருவாடு காயப்போடும் நம் கடற்கரை ஊர்களிலும் இதைச் செய்து பார்த்தால் காக்கைத் தொல்லை தீரும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் பாம்பனில் கருவாடு போடுகிறவள். வயது 57. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். படிக்கிற காலத்திலேயே விடிகாலையில் அம்மாவோடு மீன் காயப்போடுகிற களத்துக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கூடம். நெத்திலி, சூடை, காரல் மூன்றும்தான் அதிகம் போடுவேன். திருக்கையும் கட்டாவும் வந்தால் கீறி உப்பில் போட்டு எடுப்பேன். எனக்கு ஆந்தை மாதிரி ஊதத் தெரியும். பருந்து மாதிரியும் ஊதத் தெரியும். இந்தக் கரையில் இப்போது வேறு யாரும் ஊதி நான் கேட்டதில்லை. அதனால்தான் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

சொல்லிக்கொடுத்தவர் என் அம்மாவின் அப்பா. அவர் கடலுக்குப் போனவர் இல்லை, பனை ஏறினவர். வயசாகி ஏற முடியாமல் போன பிறகு எங்களோடு வந்து களத்தில் காவல் இருந்தார். ஆந்தைக் குரலுக்கு அவரிடம் குழல் எதுவும் கிடையாது. கைதான். இரண்டு உள்ளங்கையையும் நடுவில் பொந்து விழும்படி குவிக்க வேண்டும். கட்டைவிரல் இரண்டும் ஒட்டி நிற்க வேண்டும். விரல் கணுவின் மேல் உதட்டை வைத்து, கணுவுக்குக் கீழே இருக்கிற சின்ன இடுக்குக்குள் மூச்சைச் சாய்த்து விட வேண்டும். முதல் நாலைந்து நாளைக்கு வெறும் காற்றுத்தான் வரும். எனக்கு ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் குளத்தங்கரையில் "பூ" என்று ஒரு சத்தம் கையிலிருந்து வந்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பின்பக்கக் கையைத் திறந்து மூடினால் குரல் ஏறி இறங்கும்.

பருந்துக்குப் பூவரசு இலை. அதைச் சுருட்டி, ஒரு நுனியை நசுக்கிப் பீப்பீ செய்யாத பிள்ளை நம் ஊரில் உண்டா? தாத்தா அதே பீப்பீயைத்தான் செய்வார். இலையை இன்னும் இறுக்கிச் சுருட்டுவார். நுனியைப் பல்லால் லேசாகக் கடித்து விடுவார். ஊதும்போது மறுமுனையைக் கையால் மூடி மெல்லத் திறப்பார். பருந்து வட்டமடித்துக்கொண்டே இழுத்துக் கத்துமே, அந்த நடுக்கம் அப்படியே வரும். கோழிகள் குஞ்சைக் கூட்டிக்கொண்டு ஓடிப் பதுங்கும்.

கட்டுரையில் வந்த ஆட்களும் இதையேதான் செய்கிறார்கள், மரத்தைக் கடைந்து செய்த குழலில். உள்ளே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. நம் நாதஸ்வரத்துச் சீவாளி செய்கிற வேலையை அது செய்கிறது. ஊதும்போதே தொண்டையிலிருந்து உறுமினால் காக்கை சண்டைபோடுகிற கரகரப்பு வருகிறதாம். இல்லினாய் மாநிலத்தில் ஹென்றி என்கிற ஊரில் இருந்த சார்லஸ் பெர்டியூ என்பவர் கடைந்த காக்கைக் குழல்களை இன்றைக்கும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். கைவேலையை மதிக்கிறவள் நான். அந்த மனிதரின் வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எதற்கு ஆந்தைக் குரல்? இதைக் கட்டுரை இரண்டு வரியில் தாண்டிப் போய்விட்டது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ராத்திரி அடைந்திருக்கிற காக்கையைப் பெரிய ஆந்தை வந்து தூக்கிப் போகும். இருட்டில் காக்கைக்குக் கண் தெரியாது, ஆந்தைக்குத் தெரியும். ஆந்தை வருவதும் சத்தமில்லாமல் வரும். பக்கத்துக் கிளையில் இருந்தது காலையில் இல்லை. அந்தப் பகையைக் காக்கை பகலில் தீர்த்துக்கொள்ளும். எங்கேயாவது ஓர் ஆந்தை தூங்குவதைக் கண்டுவிட்டால் ஒரு காக்கை கத்தும், பத்து வரும், பிறகு ஊரே வரும். சுற்றி நின்று திட்டி, தலையில் கொத்தி, அது இடம் மாறிப் போகிறவரை விடாது. கூகையைக் காக்கை பகலில் வெல்லும் என்று வள்ளுவர் 481ஆம் குறளில் சொல்லியிருப்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். கடற்கரையில் அதைக் கண்ணால் பார்க்கலாம். அமெரிக்காவில் இருப்பது வேறு காக்கை, நம்முடையதைவிடப் பெரியது, கழுத்தும் சாம்பல் இல்லை, முழுக் கறுப்பு. அங்கே அதற்குப் பகையாளி பெரிய கொம்பு ஆந்தை. நாலைந்து துண்டாக விட்டு விட்டுக் குமுறும். இங்கே கொம்பன் ஆந்தை இரண்டே துண்டு: ஒரு சின்ன "பூ", அப்புறம் ஓர் இழுத்த "ஹூ". தாத்தா இரண்டுக்கு மேல் ஊத மாட்டார். மூன்றாவது ஊதினால் காக்கை உன்னைக் கண்டுபிடித்துவிடும் என்பார்.

ஆக, காக்கை அந்தச் சத்தத்துக்கு வருவது இரைக்காக இல்லை. தன் கூட்டத்தில் ஒன்றுக்கு ஆபத்து என்று வருகிறது. முதலில் வருகிறதே ஒரு காக்கை, அதுதான் கூட்டத்திலேயே தைரியமானது. கட்டுரையில் அந்த முதல் காக்கையை விட்டுவிடாமல் முதலிலேயே சுட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றவற்றை எச்சரித்துவிடும் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

நாங்கள் இதை எதற்கு வைத்திருந்தோம் என்று சொல்கிறேன். நெத்திலியை விடிந்தவுடன் பழைய வலையின் மேல் விரிப்போம். நாலு கிலோ பச்சை மீன் காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு கையில் நிற்கும். முதல் இரண்டு மணி நேரம்தான் காக்கைக்குக் கொண்டாட்டம். மீன் அப்போது மெத்தென்று இருக்கும். அது தின்பதுகூடப் பரவாயில்லை. நடந்து மிதிக்கும், எச்சமிடும், ஒன்றைத் தூக்க வந்து ஐந்தை மணலில் இழுத்துப் போடும். மணல் ஏறின நெத்திலியை வியாபாரி கூடையில் கைவிட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தள்ளிவிடுவார். அந்த இரண்டு மணி நேரத்தைக் கடக்கத்தான் தாத்தா ஊதினார்.

களத்திலிருந்து நூறடி, நூற்றைம்பதடி தள்ளி உடைமரத்துக்குப் பின்னால் போய் உட்காருவார். கச்சான் அடித்தால் மேற்கே, வாடை அடித்தால் வடக்கே. காற்று முதுகில் படுகிற மாதிரி உட்கார்ந்தால்தான் சத்தம் காக்கைக்குப் போய்ச் சேரும். தலையில் பனையோலையைக் கவிழ்த்துக்கொள்வார். இரண்டு தடவை ஆந்தை. நூறு எண்ணுகிற நேரம் சும்மா இருப்பார். வந்த காக்கைகள் சலித்துப் போகிற சமயத்தில் ஒரு தடவை பருந்து. அவ்வளவுதான், மரமே கறுப்பாகிவிடும். கால் மணி நேரம் அங்கே கூச்சல் நடக்கும். அதற்குள் அம்மாவும் மதினிமாரும் மீனை ஒரு புரட்டுப் புரட்டி, மேலே வலையை இழுத்துக் கட்டிவிடுவார்கள். கடைசியில் தாத்தா ஓலையோடு அப்படியே நகர்ந்து பின்பக்கமாக வந்துவிடுவார். ஒரு காக்கைக்கும் ஒரு இறகு உதிராது.

அவர் வைத்திருந்த கட்டுப்பாடுகள் எனக்கு வாய்ப்பாடு மாதிரி நினைவிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாளைக்கு மேல் ஊதக் கூடாது. போன தடவை உட்கார்ந்த மரத்தடியில் இந்தத் தடவை உட்காரக் கூடாது. பொழுது சாய்ந்து அடையப் போகிற நேரத்தில் ஊதவே கூடாது. பங்குனி பிறந்தால் ஆடி முடிகிறவரை கூடாது. அது கூடு கட்டி முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கிற காலம். தாயை எழுப்பிவிட்டால் முட்டை வெயிலில் கிடக்கும். அந்தக் கூட்டில் இருப்பது காக்கை முட்டை மட்டும் என்று சொல்லவும் முடியாது, குயில் முட்டையும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வார்: "ஆத்தா, மூஞ்சியைக் காட்டாதே."

அது ஏன் என்று நாற்பது வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. விளங்கின விதம்தான் நான் எழுத வந்த விஷயம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதம். காலை ஏழு மணி இருக்கும். அன்றைக்கு நெத்திலி நிறைய வந்திருந்தது. நான் போய் ஊதிக்கொண்டிருந்தேன். காக்கைகள் கூடிவிட்டன. எனக்குப் பின்னால் பக்கத்துக் களத்துப் பையன் ஒருவன் வந்து நின்றது எனக்குத் தெரியாது. கையில் காற்றுத் துப்பாக்கி. வாரக்கணக்கில் நான் ஊதுவதைப் பார்த்து வைத்திருக்கிறான். "டப்" என்று ஒரு சத்தம். எனக்கு முன்னால் பத்தடியில் ஒரு காக்கை விழுந்தது. சாகவில்லை. இறக்கை ஒடிந்து மணலில் சுற்றிச் சுற்றி வந்தது. நான் எழுந்து திரும்பி அவனைச் சத்தம் போட்டேன். எழுந்தபோது தலையிலிருந்த ஓலை விழுந்துவிட்டது.

அன்றைக்கு முழுவதும் காக்கைகள் போகவில்லை. தாத்தா காலத்துக் கால் மணி நேரக் கூச்சல் அன்று பொழுது அடைகிறவரை நடந்தது. செத்ததையோ அடிபட்டதையோ பார்த்தால் காக்கைகள் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று கூடினதில் பக்கத்து ஊர்க் காக்கைகளும் இருந்திருக்கும். மீன் காயவில்லை, கெட்டது. அடிபட்ட காக்கையைக் கூடையில் கவிழ்த்து வைத்து, தண்ணீரும் சோறும் வைத்தேன். இரண்டாம் நாள் செத்துப்போனது.

மறுநாள் நான் களத்துக்கு வந்தேன். ஊதவில்லை. சும்மா, மண்வெட்டியும் கையுமாக வந்தேன். பனையிலிருந்து ஒரு காக்கை என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. அப்புறம் நாலு. என் அக்கா வந்தால் கத்தவில்லை, கூலிக்கு வருகிறவர்கள் வந்தால் கத்தவில்லை. நான் வந்தால் மட்டும். புடவையை மாற்றிப் பார்த்தேன், முக்காடு போட்டுப் பார்த்தேன். நடையையும் முகத்தையும் எப்படி மறைக்கிறது? எனக்குச் சோறு கொண்டுவந்த பேத்தியின் தலையில் ஒருநாள் கொத்திவிட்டது. அடுத்த தை மாதம் வரைக்கும் இது நடந்தது. பதினோரு மாதம்.

துப்பாக்கி வைத்திருந்தவன் அவன். ஆனால் கூப்பிட்டது நான்தானே? என் குரலுக்கு வந்துதானே அது விழுந்தது? அவைகளுக்கு என் மேல் இருந்த கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இதை என் மகளிடம் சொன்னபோது அவள் கைப்பேசியில் தேடி வாசித்துக் காட்டினாள். அமெரிக்காவில், சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் என்பவர் 2006இல் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டிருக்கிறார். கொல்லவில்லை, காயப்படுத்தவுமில்லை. பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் திட்டியிருக்கின்றன. வேறு முகமூடிக்குத் திட்டவில்லை. வருடக்கணக்கில் இது நடந்திருக்கிறது. பிடிபடாத காக்கைகளும், குஞ்சுகளும்கூட மற்றவற்றைப் பார்த்து அந்த முகத்தைக் கற்றுக்கொண்டிருக்கின்றன. அங்கே வேட்டைக்காரர் ஒரு வயலில் சுட்டுவிட்டு அடுத்த வாரம் ஐம்பது மைல் தள்ளி வேறு வயலுக்குப் போய்விடலாம். என் களம் இங்கேயேதான் இருக்கிறது. காக்கையும் இங்கேதான் இருக்கிறது. தினமும் அதன் முகத்தில் நானும், என் முகத்தில் அதுவும் விழிக்க வேண்டும்.

சட்டத்தையும் கட்டுரை பார்க்கவில்லை. அமெரிக்காவிலேயே இது கட்டுப்பாடில்லாத காரியம் இல்லை. 1972 முதல் காக்கை அங்கே வலசைப் பறவை ஒப்பந்தத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிட்டது. மாநிலங்கள் வேட்டைக் காலம் வைக்கலாம், ஆனால் வருடத்துக்கு 124 நாளைத் தாண்டக் கூடாது, கூடு கட்டுகிற உச்சக் காலத்தில் கூடாது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கையை எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்து, தொல்லை தரும் உயிர்கள் என்று ஐந்தாம் பட்டியலில் வைத்திருந்தது. அப்போது சுட்டால் கேட்க ஆளில்லை. 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இன்றைக்குக் காக்கையைச் சுடுவது குற்றம். உங்கள் கட்டுரையை நம்பி ஒரு பையன் துப்பாக்கி தூக்கினால், நாளைக்கு வனத்துறை வந்து நிற்கப் போவது அவன் வீட்டு வாசலில்.

கென்யாவில் பத்து லட்சம் காக்கையைக் கொல்லப் போவதாக 2024இல் அந்த அரசே அறிவித்ததே என்று கட்டுரை கேட்கிறது. அறிவித்தது உண்மை. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அது வந்த பறவை. நம் பக்கத்திலிருந்து போன ஊர்க்காக்கைதான் அது. அங்கே உள்ள சின்னப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது என்பது அவர்கள் கவலை. இங்கே அது எங்கிருந்தும் வரவில்லை. கரையில் கழிக்கிற குடலையும் செவுளையும் தலையையும் பொழுது சாய்வதற்குள் சுத்தமாக்குகிறது அதுதான். ஏலம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் எங்கள் கரையில் நின்று பார்த்தால் தெரியும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எங்கிருந்தெல்லாமோ வந்து பிண்டம் வைத்துவிட்டு, காக்கை எடுக்கிறதா என்று கண்கலங்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இங்கே சுட்டுக் கற்றுக்கொண்ட பயத்தை அந்தக் காக்கை அங்கேயும் கொண்டுபோகும். இதை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இருப்பார்கள். நான் நம்புகிறவள்.

துப்பாக்கிக்காரர்களிடம் சொல்ல இன்னொரு விஷயம் இருக்கிறது, இதில் நம்பிக்கைக்கு வேலையில்லை. காற்றுத் துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் ஈயம். பத்துச் சுட்டால் ஒன்றுதான் காக்கையில் படும். மீதி ஒன்பதும் எங்கே போகும்? மீன் காய்கிற மணலில் போகும். மிளகு அளவு ஈயக் குண்டு நெத்திலிக்குள் கிடந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? நெத்திலிக் கருவாட்டை நாம் முள் எடுத்தா தின்கிறோம்? முழுசாக, வறுத்து, பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் போடுகிறோம். காக்கையின் வாயிலிருந்து காப்பாற்றின மீனில் ஈயத்தைப் போட்டு விற்கச் சொல்கிறீர்களா?

சரி, சுட வேண்டாம், குரலை மட்டும் பெட்டியில் பதிந்து ஒலிபெருக்கியில் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். என் தங்கை மகனே கேட்டான். ஒரு களத்தில் போட்டும் பார்த்தார்கள். நாலு நாள் வேலை செய்தது. ஐந்தாம் நாள் காக்கை அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கையால் ஊதுகிறவருக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் இதுதான்: ஊதுகிறவர் காக்கையைப் பார்த்துக்கொண்டே ஊதுகிறார். கிட்டே வந்துவிட்டால் மூச்சைக் குறைப்பார், சந்தேகப்பட்டால் நிறுத்துவார். அந்த அமெரிக்கக் குழல்காரர்களும் பல பேர் இதற்காகத்தான் பெட்டியை விட்டுவிட்டு வாயால் ஊதுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த அளவுக்கு அவர்களும் நானும் ஒரே தொழில்.

பெட்டியில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் இந்தக் கரைக்கு எத்தனை பறவை வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனோலித் தீவுச் சேற்றிலும், கோதண்டராமர் கோவில் பக்கத்து நீரிலும், ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த உள்ளான்கள் இரை பொறுக்குகின்றன. பூநாரைகளுக்காகத் தனுஷ்கோடியில் 2025இல் சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள். பருந்துக் குரலை ஒலிபெருக்கியில் ஓயாமல் போட்டால் அவை ஒவ்வொரு தடவையும் கூட்டமாக எழும்பும். திரும்பிப் போகிற பயணத்துக்காகத் தின்று சேர்க்கிற கொழுப்பை அங்கேயே பறந்து கரைக்கும். பூவரசு இலைச் சத்தம் என் களத்தைத் தாண்டிப் போகாது. பெட்டிச் சத்தம் தீவுக்குப் போகும்.

ஆந்தையையும் நினைக்க வேண்டும். நம் ஜனங்களுக்கு ஆந்தைச் சத்தம் என்றால் சாவு. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் வீட்டு முற்றத்தில் ஊதிப் பழகப் போக, படுக்கையில் கிடந்த கிழவர் ஒருவர் வீட்டிலிருந்து சண்டைக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு மறுநாள் தாத்தா என்னைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய் அங்கே பழக்கினார். பாழடைந்த வீட்டில் குடியிருக்கிற கூகையைக் கல்லால் அடித்துக் கொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயிருள்ள ஆந்தையைக் காலில் கயிறு கட்டி உட்கார்த்தி வைத்து மற்ற பறவைகளைக் கூட்டுவது பறவை பிடிப்பவர்களிடம் பழைய வழக்கம். காக்கையைக் கூப்பிட ஆந்தை உதவும் என்று பத்திரிகையே எழுதினால், ஊதத் தெரியாதவன் என்ன செய்வான்? ஆந்தையைத் தேடித்தான் போவான்.

செத்த காக்கையைக் கம்பில் கட்டித் தொங்கவிடுகிற வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் பயப்படும். பிறகு நாற்றம்தான் மிச்சம், அதற்கு ஈ வரும், ஈ மீனில் முட்டையிடும்.

அப்படியானால் என்னதான் செய்வது என்றால், நான் செய்ததைச் சொல்கிறேன். அந்தப் பதினோரு மாதம் என்னால் ஊத முடியாமல் போனதால் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. சவுக்குக் கம்பு நட்டு, இடுப்பு உயரத்துக்குப் பரண் கட்டினேன். அடியில் பழைய வலை, இறுக்கி இழுத்தது. மேலே இரண்டடி உயரத்தில் இன்னொரு வலை, அதையும் தொய்வில்லாமல். தொய்வு இருந்தால் காக்கை மேலே உட்கார்ந்து அழுத்திக் கீழே இருப்பதைக் கொத்தும். பக்கங்களிலும் வலை. அடியிலும் காற்று போவதால் ஒருநாள் முன்னதாகவே காய்கிறது. மணல் ஒட்டுவதில்லை, வியாபாரி கூடையில் கைவிட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார். ஒரு பரணுக்கு எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. வலை எல்லாம் பழையது, வீட்டில் கிடந்தது. மூன்று பரண் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. களத்தில் இருக்கிற பெண்களில் பாதிப்பேருக்கு ஒன்றுகூட முடியாது, ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமும் குறைந்துவிடும். மீன்வளத்துறை படகுக்கும் வலைக்கும் உதவி செய்கிறது. கருவாடு போடுகிற பெண்ணுக்கு ஒரு பரணும் ஒரு வலையும் கொடுத்தால், துப்பாக்கி யோசனை யாருக்கும் வராது. கட்டுரையின் கடைசிப் பத்தியில் இதைப் போட்டிருக்கலாம்.

பரண் போதாத நாள் உண்டு. மீன் மொத்தமாக வந்து இறங்குகிற நாளில் மணலில் விரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்த மாதிரி நாளைக்கு மட்டும், போன வருடத்திலிருந்து மறுபடி ஊதுகிறேன். முதல் தடவை ஊதப் போனபோது கை நடுங்கியது. வருமா என்றுகூடத் தெரியாது. ஓலையைக் கவிழ்த்துக்கொண்டு இரண்டு தடவை ஊதிவிட்டு நூறு எண்ணினேன். எண்பதைத் தாண்டின பிறகு ஒன்று வந்தது. எதிர்க்கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகுதான் மற்றவற்றைக் கூப்பிட்டது. அன்றைக்குப் பருந்து ஊதவில்லை. வந்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இரண்டு. காக்கையைச் சுடுவது இங்கே சட்டப்படி குற்றம் என்று அதே இணைப்பில், அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், அந்தக் கட்டுரையை எழுதினவர் நிஜமாகவே ஊதுகிற வித்தையில் ஆசை உள்ளவராக இருந்தால், அவரை இங்கே வரச் சொல்லுங்கள். கையில் ஊதவும் இலையில் ஊதவும் நான் சொல்லித் தருகிறேன், ஒன்பது நாள் தங்க வேண்டியிருக்கும். என் பேத்திக்கும் சொல்லித் தரலாம் என்றிருக்கிறேன், அவள் தலையில் கொத்தின தழும்பு இன்னும் இருக்கிறது, இருந்தும் கேட்கிறாள்.

ஆனால் உடனே வர வேண்டாம். பங்குனி பிறந்துவிட்டது. என் களத்துக்குப் பின்னால் உடைமரத்தில் ஒரு ஜோடி குச்சி பொறுக்கிக்கொண்டிருக்கிறது, பழைய கம்பித் துண்டுகூட ஒன்று கொண்டுவந்திருக்கிறது. ஆவணி பிறந்த பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
கருவாடு போடும் ஒரு வாசகி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.